முப்பத்தாறு கிலோமீட்டர்

"எல்லாமே ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிப் போயிட்டே இருக்கும்மா. தூரத்துல இருக்கிறது இன்னும் வேகமா விலகும்."

நாளை மகளுக்கு இயற்பியல் தேர்வு. பிரபஞ்சம் பாடத்தை ஒப்பித்து முடித்தாள். நான் புத்தகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு விலகிப் போகிறவரைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

என் கணவருக்கு இன்று விடுமுறை. ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக அதே பக்கம்.

நான் தையற்கடையில் அளவெடுக்கிறவள். ஒரு தடவை பார்த்த எண் எனக்கு மறக்காது. அவர் அலுவலகம் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். போக வரப் பதினான்கு. இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாத எழுத்தர் வேலை.

பத்து நாளைக்கு முன் அவர் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் துணிப்பையைத் தேடியபோது தற்செயலாக மீட்டர் கண்ணில் பட்டது. மறுநாளும் பார்த்தேன். அப்புறம் காலையில் ஒரு தடவை, அவர் வந்ததும் ஒரு தடவை என்று அதே வேலையாகிவிட்டது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் முப்பத்தாறு.

கேட்டால் மீட்டிங் என்பார். சட்டைப்பை சுத்தம். போன் அதைவிடச் சுத்தம். எல்லாவற்றையும் துடைத்து வைக்கத் தெரிந்த மனிதருக்கு மீட்டர் ஞாபகம் வரவில்லை, பாருங்கள்.

சண்டை போட்டிருப்பேன். வாய்வரை வந்ததைப் பத்து நாளாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன் என்றால் காரணம் இவள்தான். தேர்வு முடியும்வரை இவள் காதுக்கு எதுவும் போகக் கூடாது. இவளுக்கு அப்பா என்றால் உயிர்.

ஆனாலும் அவருக்கு உறைக்கிற மாதிரி ஒரு குத்து குத்தாமல் என்னால் இருக்க முடியவில்லை. புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டி, இயக்கம் பாடத்துக்கு வந்தேன்.

"ஒருத்தர் காலையில வீட்டுல இருந்து கிளம்பி ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆபீசுக்குப் போறார். சாயந்திரம் வீட்டுக்கே திரும்பி வந்துடறார். ஆனா வண்டி மீட்டர்ல முப்பத்தாறு கிலோமீட்டர் ஓடியிருக்கு. அவர் கடந்த தூரம் எவ்வளவு? இடப்பெயர்ச்சி எவ்வளவு?"

மகளின் பென்சில் ஒரு நொடி நின்றது.

"தூரம் முப்பத்தாறு. இடப்பெயர்ச்சி சைபர். எங்க சுத்தினாலும் கிளம்பின இடத்துக்கே வந்துட்டார்ல."

செய்தித்தாள் லேசாக அசைந்தது.

"புத்தகத்துல இருக்கிறதைக் கேளேன்," என்றார் அதற்குப் பின்னாலிருந்து.

எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. விடுவேனா?

"அதே ஆள் ஆறு மணிக்கு ஆபீசை விட்டுக் கிளம்பறார். வீடு வந்து சேரும்போது எட்டரை. ஆபீஸ்ல இருந்து வீட்டுக்குத் தூரம்-நேரம் வரைபடம் போடு."

அவள் ரஃப் நோட்டைத் திறந்து ஸ்கேலை வைத்தாள். கோடு ஏறியது. பிறகு படுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு அப்படியே நேராகப் படுத்துக் கிடந்துவிட்டு மறுபடி ஏறியது.

கோடு படுத்தால் ஆள் நின்றுவிட்டார் என்று அர்த்தம். அது எனக்கே தெரியும். ஆனால் அவர் நின்றார் என்று நான் சொல்லவே இல்லை.

காலையில் ஓடிய ஏழைக் கழித்து, மீதி இருபத்தொன்பது கிலோமீட்டருக்கு வண்டி ஓட எவ்வளவு நேரம் ஆகும், மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம் வரும்தான். பத்து நாளாக நான் போட்ட கணக்கு அது. இவள் எங்கே போட்டாள்? பென்சில் யோசிக்கக்கூட இல்லையே.

அப்போதுதான் எனக்கு இவள் மேலேயே சந்தேகம் வந்தது.

அப்பாவும் மகளும் கூட்டா? அந்த இன்னொருத்தி வீட்டுக்கு இவளையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனாரா? அந்த வீட்டில் இவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார்களா? பெற்ற மகளை ஒரு நிமிடம் எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

நோட்டை இழுத்தேன். அவள் விடவில்லை. அவள் பிடித்த பிடியே என் சந்தேகத்தை இரண்டு மடங்காக்கியது. பலமாக இழுத்து, கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன்.

ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். தேதி. காலை மீட்டர். மாலை மீட்டர். எத்தனை அதிகம்.

என் பத்து நாளும் அதில் இருந்தன. நான் பார்த்த அதே எண்கள். அவற்றுக்கு மேலே பக்கம் பக்கமாக வேறு தேதிகள். முதல் தேதி போன வருடத்தினுடையது. அப்போது இவள் ஒன்பதாம் வகுப்பு. அந்த வருடம் மதிப்பெண் குறைந்ததற்கு இவளை நான் என்னவெல்லாம் திட்டினேன்.

ஐந்தாவதாக இன்னொரு கட்டம். அதன் தலைப்பு, 'அம்மா'.

அதன் கீழே வரிக்கு வரி ஒரே சொல். தெரியாது. தெரியாது. தெரியாது. நேற்று வரைக்கும்.

மகள் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்? தப்பாப் போட்டுட்டாளா?" என்றார் அவர்.

நான் அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கினேன். நேற்றைய வரியில் இருந்த 'தெரியாது' என்பதை அடித்துவிட்டு, நோட்டை அவள் பக்கம் தள்ளினேன்.