அணில் நீக்கிய பாம்பு

எலிக்கு எதிலும் அவசரம். வளைக்குத் திரும்புவதற்கு அது எழுதிய புரோகிராமே இவ்வளவுதான்: ‘உள்ளே நுழை. பாம்பு இருந்தால் வெளியே ஓடு.’

புரோகிராம்களை ஓடத் தயாராக்கித் தரும் கம்பைலர் வேலை பார்க்கும் அணில், வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று வாங்கி, இரண்டாவது வரியைக் கடித்துத் துப்பியது.

“ஐயையோ, அது என் உயிராச்சே!” என்று எலி பதறியது.

“பாம்பு இருந்தா நீ நுழைவியா?” என்றது அணில்.

“மாட்டேன்.”

“நுழையறேன்னு நீதானே எழுதியிருக்க? அப்போ பாம்பு இல்ல. இல்லாத பாம்புக்கு எதுக்குப்பா ஓடணும்?”

எலி அந்தப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தது. அது வேகமாகப் பறந்தது. கண்மூடித் திறப்பதற்குள் எலி வளைக்குள் இருந்தது. அங்கே சுருண்டு கிடந்த பாம்பு மெல்லத் தலையைத் தூக்கியது.

“பயப்படாத தம்பி. அணில் கணக்குப்படி நான் இங்க இல்லவே இல்ல.”