சுத்தம் சார் வீட்டுக் கறி

"கை கழுவினீங்களா?"

"கழுவிட்டேன், சார்."

"சோப்பு போட்டு?"

தையல்காரர் மறுபடியும் குழாயடிக்குப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இது மூன்றாவது தடவை. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் சோப்பையே சோப்பு போட்டுக் கழுவுகிற ஆள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். மாடியில் குடிவந்த இரண்டே மாதத்தில், அது பொய்யில்லை என்று தையல்காரருக்குப் புரிந்துவிட்டது. தெரு வீட்டுக்காரருக்கு வைத்திருக்கும் பெயர் சுத்தம் சார்.

சமையலறை மேஜை விளிம்பில், கறி அரைக்கும் கைமிஷின் இறுக்கி மாட்டியிருந்தது. கொதிநீரில் போட்டெடுத்த திருகு, கத்தி, ஓட்டைத் தட்டு எல்லாம் ஆபரேஷனுக்கு எடுத்து வைத்த மாதிரி வெள்ளைத் துணிமேல் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மாட்டி முடித்த சுத்தம் சார், கறித்துண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு நூல் சவ்வு தெரிந்தாலும் சீவி எறிந்தார்.

"அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வெச்ச கறி. அப்பத்தான் கத்தி அறுக்கும். இல்லேன்னா நசுக்கிடும். கடைக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது? ம், சுத்துங்க."

தையல்காரர் சுற்றினார். காலமெல்லாம் மிஷின் சக்கரத்தோடு பழகிய கைதான். ஆனாலும் "வேகம் வேண்டாம்", "நிறுத்திடாதீங்க", "தோளை இறக்குங்க" என்று அடுத்தடுத்து உத்தரவு வந்தது. ஓட்டைகள் வழியாகக் கறி சிவப்பு நூல் நூலாகக் கிண்ணத்தில் இறங்கியது.

பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றியதற்குக் காரணம் இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கார அம்மாவின் மடியில் தையல்காரரின் நாலு வயது மகள் சாய்ந்திருந்தாள். கம்பெனிப் பாக்கெட் கொத்துக்கறியில் பொரித்த உருண்டையைத் தின்றுவிட்டு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகக் கஞ்சியோடு சரி. இன்றைக்குத்தான் வாய்விட்டு "பசிக்குது" என்றாள்.

"அந்தப் பாக்கெட்டுல என்ன நம்பர் போட்டிருந்தது?" என்று கேட்டார் சுத்தம் சார்.

ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் கேட்டு, தையல்காரருக்கு அது மனப்பாடமாகியிருந்தது. "கடைசியில நாப்பத்தேழு, சார்."

"செவ்வாக்கிழமைச் சரக்கு. அதான்."

தையல்காரர் அசந்து போனார். டாக்டர்களுக்கே பிடிபடாத விஷயம் இந்த மனுஷருக்கு நம்பரைக் கேட்டதுமே பிடிபட்டுவிட்டதே!

"கம்பெனியில அரைக்கிறது என்னன்னு நினைச்சீங்க? முந்தாநாள் மிஞ்சினது, தரையில விழுந்தது, தோலு, சவ்வு, எல்லாம் ஒரே மிஷினுக்குள்ள போகும். சிவப்பா தெரிய ஒரு மருந்து. நாத்தம் தெரியாம இருக்க இன்னொரு மருந்து. அதைக் காசு கொடுத்து வாங்கி ஒருத்தன் பெத்த பிள்ளைக்கு ஊட்டுவானா?"

ஊட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியாமப் பண்ணிட்டேன், சார்."

"தெரியாமன்னு சொல்லி எப்படித் தப்பிக்கிறது? மனுஷன்னா ஒரு பொறுப்பு வேண்டாமா?"

வீட்டுக்கார அம்மா குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, உருண்டை பிடித்துப் பொரித்தார். குழந்தை ஒன்றைத் தின்றது. இரண்டாவதையும் தின்றது. மூன்றாவதற்குத் தட்டை நீட்டியதும் தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டினால்தான் என்ன, இப்படிப்பட்ட மனுஷர் வீட்டில் குடியிருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த நெகிழ்ச்சியிலேயே தைரியமும் வந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

"சார், சுகாதார ஆபீசுக்கு மனு எழுதியிருக்கேன். இதே பாக்கெட்டுனால நம்ம தெருவுல இன்னும் ரெண்டு பிள்ளைங்க படுத்துட்டாங்க. அவங்க வீட்டுலயும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஆனா எங்களை எல்லாம் யாரு மதிப்பாங்க? நீங்க தினமும் வேன் வந்து கூட்டிட்டுப் போற அதிகாரி. விவரம் தெரிஞ்சவரு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, எழுந்து நின்னு வாங்கிக்குவாங்க."

சுத்தம் சார் தாளைத் தொடவில்லை. மிஷினைக் கழற்ற ஆரம்பித்தார். கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தார்.

"நமக்கெதுக்கு தம்பி வீண் வம்பு? அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க அரைச்சுக்கிட்டா முடிஞ்சுபோச்சு."

"ஊர்ல எல்லாரும் மிஷின் வாங்க முடியுமா, சார்? இவ்வளவு தெரிஞ்ச நீங்களே ஒதுங்கினா எப்படி?"

"பேசினது போதும், தம்பி. கண்ட கண்ட பேப்பர்ல கையெழுத்துப் போடற பழக்கம் எனக்குக் கிடையாது."

தையல்காரர் தாளை மடித்தார். குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. திருகைக் குழாயில் காட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அந்த அம்மா, அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மனுவுல வேற எதுக்குப்பா? அந்தப் பாக்கெட்டு ஒவ்வொண்ணுலயும் 'தரம் பார்க்கப்பட்டது'ன்னு போட்டிருக்கிறது இவரு கையெழுத்துதான்."