வடிக்காத நீர்

அணையின் மேல்தளத்தில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. பொறியாளரான அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி, கீழே நீரில் எழும் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதகின் அடியிலுள்ள விரிசலை அடைக்க அவளுடைய தம்பி முங்கியிருக்கிறான். நீரை வடித்துவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் அடியில் படிந்த சேறெல்லாம் ஆற்றில் இறங்கி, அங்கே மீன்கள் இப்போதுதான் இட்டிருக்கும் முட்டைகளை மூடிவிடும். வடிக்கவே கூடாது என்று கூட்டத்தில் மல்லுக்கு நின்றவள் அவள். அப்படியானால் நான் இறங்குகிறேன் என்று முன்வந்தவன் தம்பி. குமிழிகள் மெலிகின்றன. அவள் சுவர்மேல் இன்னும் குனிகிறாள். ஒரு கறுப்புத் தலை நீரைப் பிளந்து வருகிறது. முகமூடியைக் கழற்றிவிட்டு அவன் மூச்சு வாங்குகிறான். “அடைச்சாச்சுக்கா. சொட்டு கூட கசியல.” “உனக்கு ஒண்ணும் ஆகலையே?” “குளிர்ல விறைச்சுப் போயிட்டேன். உன் மீனுங்க ஒரு வார்த்தை விசாரிக்கல.” அவள் துண்டோடு படியிறங்கி ஓடுகிறாள். கரையேறியவனின் தலையைப் பிடித்து, குளிப்பாட்டிய குழந்தைக்குத் துவட்டுவதுபோல் அழுத்தித் துவட்டுகிறாள். “விடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க.” “பாக்கட்டும்,” என்கிறாள், கையை எடுக்காமல்.