ஒன்பது தாள்

அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மேசை மேலிருந்த கைபேசி ஒலித்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. வீட்டுக் கடன் தவணை ரூ.17,900 எடுக்கப்பட்டது.

தவணை இருபத்திரண்டாயிரத்து நானூறு. பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

மீதி நாலாயிரத்து ஐந்நூறு எங்கே போகிறது?

உள்ளே தண்ணீர் விழும் சத்தம். கூடவே பாட்டு வேறு. பாடுகிறார் மனுஷர்!

தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, தவணை போயிருச்சுங்களா?"

"ம், போயிருச்சு."

அவ்வளவுதான். துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

தட்டை அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

மாதம் பிறந்தால் சாமி படத்தின் முன்னால் வைத்து, பதினெட்டாயிரம் எடுத்துத் தருவார். அதில் ஐயாயிரம் மிச்சம் பிடிப்பாள். உழவர் சந்தைக்குக் கடை கட்டும் நேரம் பார்த்துத்தான் போவாள். ஒரு சிலிண்டரை எழுபது நாள் ஓட்டுவாள். தீபாவளிக்கு மகளுக்குத் துணி எடுப்பதோடு சரி. அவள் புடவை எடுத்து ஆறு வருடம் ஆகிறது.

அரை வருடத்துக்கு ஒருமுறை முப்பதாயிரம் சேரும். அவரிடம் கொடுப்பாள். அவர் வங்கிக்குப் போய் அசலில் கட்டிவிட்டு ரசீதைக் காட்டுவார். வங்கிப் படி ஏறுவதெல்லாம் அவர் வேலை.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பம்ப் கம்பெனியில் ஐம்பத்தெட்டு ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் கடன் முடிந்தாக வேண்டும். அவள் கணக்கில் இன்னும் ஐந்து வருடம்தான்.

நாலாயிரத்து ஐந்நூறு.

பல்லடத்தில் இருக்கும் அவர் தங்கச்சிக்கா? சீட்டாட்டமா? இல்லை, வேறு எவளாவதா?

அவர் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்தாள். லேத் எண்ணெய் வாடைதான். பையைத் துழாவினாள். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்ட சீட்டு ஒன்று.

கெட்டிக்காரர். தடயமே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளே வங்கிக்குப் போனாள். கடன் பத்திரத்தில் அவள் கையெழுத்தும் இருக்கிறதே, யார் தடுப்பது? அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு ஒரு கோப்பை எடுத்துவந்து விரித்தாள்.

"அசல் கட்டறப்பெல்லாம் கேப்போங்க மேடம், மாசத் தவணையக் குறைக்கட்டுமா, வருசத்தக் குறைக்கட்டுமான்னு. தேவசிகாமணி சார் எப்பவும் தவணையத்தான் குறைக்கச் சொல்லியிருக்காருங்க."

பன்னிரண்டு படிவங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டங்கள். பன்னிரண்டிலும் முதல் கட்டத்தில் அவருடைய டிக்.

கடன் முடிய எட்டு வருடம் இருந்தது.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். ஆறு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. வருடம் குறையவே இல்லை. குறைந்த தவணைப் பணத்தை மனுஷர் எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்.

கேட்டால் பொய் சொல்வார். கேட்கக் கூடாது. பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு தின்றுவிட்டு அவர் அயர்ந்து தூங்கினார். கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

பூட்டே போடவில்லை. இதுவும் ஒரு தந்திரமோ?

வங்கிச் செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். யாருக்கும் பணம் அனுப்பியிருக்கவில்லை.

சம்பளம் வந்த செய்திகள் மட்டும் வரிசையாக இருந்தன.

போன மாதம் முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. அதற்கு முந்தைய வருடம் முப்பத்தெட்டாயிரத்து நூறு. அதற்கும் முன்னால் முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.

அவளிடம் அவர் சொல்லியிருந்தது நாற்பத்திரண்டாயிரம்.

ஓவர்டைம் நின்றுவிட்டது என்று அடுத்த தெருக்காரி எப்போதோ சொன்னாள். அவள் புருஷனுக்கும் அதே கம்பெனிதான். நம்ம வீட்டில் அப்படி ஒன்றும் இல்லையே என்று இவள் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.

சம்பளத்தில் குறைந்தது நாலாயிரத்து ஐந்நூறு. தவணையில் குறைந்ததும் அதே நாலாயிரத்து ஐந்நூறு.

அவள் கைக்கு வருவது மட்டும் பதினெட்டாயிரம். ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை.

வீட்டுக்கும் வங்கிக்கும் போக அவருக்கு மிஞ்சுவது ஆயிரத்து அறுநூறு. பெட்ரோல், டீ, முடிவெட்டு எல்லாம் அதற்குள்.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. சட்டையை முகர்ந்தது ஞாபகம் வந்து அழுகையும் வந்தது. இரண்டும் போட்டி போட்டன.

கைபேசியை எடுத்த இடத்தில் வைத்தாள்.

ஒன்றாம் தேதி காலை. அவர் சாமி படத்தின் முன்னால் பணத்தை வைத்து, கும்பிட்டு, எடுத்துக் கொடுத்தார். முப்பத்தாறு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

அவள் அங்கேயே நின்று எண்ணினாள். கொஞ்சம் தாள்களைப் பிரித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. அடுத்தவாட்டி பேங்குக்கு நானும் வர்றேன். டிக்கு நான் போடறேன்."

அவர் பையிலிருந்து எடுத்து எண்ணிப் பார்த்தார்.

ஒன்பது.

மறுபடியும் எண்ணினார். தலை நிமிரவில்லை.

அவள் டீ போட உள்ளே போனாள்.