பாலாடையின் கழுத்தில் ஒரு கறுப்பு

எதிர்வீட்டு ஏ.சி. மெக்கானிக் அண்ணன் தன் பூனை பாலாடையைக் கொடுமைப்படுத்துகிறார் என்பது, அதன் கழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மரபியல் படிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

விடுமுறைக்கு விடுதியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. அவர் வீட்டு மிதியடியில் பாலாடை மல்லாந்து கிடந்தது. வெளுத்த ரோமத்துக்கு நடுவே, தொண்டைக்குக் கீழே, கறுப்பாக ஒரு சதுரம். போன முறை வந்தபோது அது இல்லை.

"அம்மா, இங்க வா! இதைப் பாரு!"

"வந்ததும் வராததுமா என்னடி? முதல்ல உள்ள வந்து சாப்பிடு."

"பாலாடையும் நம்ம வரிக்குட்டியும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கதானே?"

"ஆமா. மாடிப்படிக்கு அடியில போட்டுச்சே. கோடு போட்டதை நீ எடுத்துக்கிட்ட, வெள்ளையை அந்தத் தம்பி எடுத்துக்கிட்டாரு. அதுக்கு என்ன இப்ப?"

"வெள்ளையாப் பிறந்தது, வளர வளர மூஞ்சி, காது, வால் மட்டும் ஏன் கறுத்துச்சு?"

"நான் என்ன கண்டேன்? அடுப்புல தலையை விட்டுச்சோ என்னமோ."

"தாய், தகப்பன் ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒரே மரபணு வந்திருக்கு. அது இருந்தா, உடம்புல சூடான இடமெல்லாம் வெளுப்பாவே இருக்கும். குளிர்ற இடத்துல மட்டும் கறுப்பு ஏறும்."

"உங்க அப்பா மூக்கு உனக்கு வந்த மாதிரியா?"

"அம்மா!"

"மூக்கோட விட்டிருந்தாப் பரவாயில்லை. அதோட நுனியில கோபத்தையும் சேர்த்துக் குடுத்துட்டாரு மனுஷன்."

நான் விடுவேனா? "தொண்டை குளிர்ற இடமா? இல்லை. அப்போ யாரோ குளிர வைக்கிறாங்க. பொழுதெல்லாம் குளிரோடயே வேலை பார்க்கிறவர் யாரு, சொல்லு?"

அம்மாவின் முகம் மாறியது. "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. வா உள்ள" என்று என் பையைப் பிடித்து இழுத்தாள். நீதிக்கும் எனக்கும் குறுக்கே எப்போதும் அம்மாதான் நிற்பாள். அதற்குள் நான் அழைப்பு மணியை அழுத்திவிட்டேன்.

கல்லூரியில் விவாதத்துக்கு நான் எழுந்தால் நடுவரே ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார். பாவம், அண்ணனுக்கு அது தெரியாது. கையில் திருப்புளியோடு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"அட, வந்தாச்சா! படிப்பெல்லாம் எப்படிம்மா போகுது?"

"அதை விடுங்க. பாலாடையை எங்க படுக்க வைக்கிறீங்க?"

"என் கட்டில்லதான். அது நடுவுல படுத்துக்கும், நான் ஓரமா ஒண்டிக்குவேன்."

"பொய்! பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயி ஏ.சி. முன்னாடி கட்டிப் போடறீங்க. அதோட கழுத்தே சாட்சி."

அவர் பூனையின் கழுத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா செருப்பு அலமாரியைப் பார்த்தாள்.

"இந்தக் கறுப்பு எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்கண்ணா. இப்பவே மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

அவர் திருப்புளியின் பிடியால் தலையைச் சொறிந்தார். "அது... எப்படியோ வந்துடுச்சும்மா."

"கேட்டியாம்மா? பதிலே இல்லை!"

சாட்சியும் நான், வக்கீலும் நான், நீதிபதியும் நான். தீர்ப்பு வர எத்தனை நேரம் ஆகிவிடும்? "இனிமே பாலாடை எங்க வீட்டுலதான் இருக்கும். முடியாதுன்னா சொல்லுங்க, புகார் குடுக்கறேன்."

அவர் மறுத்துப் பேசவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இன்னும் எவ்வளவோ சரக்கு கைவசம் இருந்தது. உள்ளே போனவர் ஒரு கிண்ணத்தையும் பழைய துண்டையும் எடுத்து வந்தார்.

"துண்டு இல்லாமத் தூங்காது. தூக்கத்துல கால் விரலைக் கடிக்கும், விளையாட்டுக்குத்தான். அடிச்சிடாதம்மா."

பாலாடையின் காதை ஒரு தடவை நீவிவிட்டார். அது மிரளக் கூடாதென்றோ என்னவோ, கதவைச் சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டார்.

வெற்றி! பாலாடை மட்டும் என் தோளைப் பிறாண்டிக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்தே கத்தியது. அதற்கு விவரம் போதாது.

"பாத்தியாம்மா? நம்ம பக்கம் உண்மை இருந்தா எதிராளி வாயே திறக்க மாட்டான்."

அம்மா நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. கண் கலங்கியிருந்தது. "அது மழிச்ச இடம்டி."

"எது?"

"அந்தக் கறுப்பு. ரத்தம் எடுக்கறதுக்காக மழிச்சாங்க."

மழித்த இடம் குளிரும். குளிர்ந்த இடத்தில் முடி கறுப்பாக முளைக்கும். நான் படித்த பாடத்தில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

"யாருக்கு ரத்தம்?"

"வரிக்குட்டிக்குத்தான். நீ விடுதிக்குப் போன கொஞ்ச நாள்லயே நான் பால்கனிக் கதவைச் சாத்த மறந்துட்டேன். கீழ விழுந்து, ரத்தமெல்லாம் போயி, கண்ணு சொருகிடுச்சு. கூடப் பிறந்தது இருந்தாக் கொண்டு வாங்க, ரத்தம் சேர வாய்ப்பு இருக்குன்னாரு டாக்டர். அந்தத் தம்பிதான் செய்துக்கிட்டிருந்த வேலையை அப்படியே போட்டுட்டு, பாலாடையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. அதனாலதான் நம்ம வரிக்குட்டி பொழைச்சுது."

"நான் அத்தனை கேட்டேனே, அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உன் வாயில விழ என்னால ஆகாதுன்னு, உனக்குச் சொல்லவே கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்" என்றாள் அம்மா. "அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தத்தான்டி பூனையையே தூக்கிக் குடுத்துட்டாரு."