நோன்பு பிடித்த சிலந்தி

இரண்டாயிரத்து ஐந்தில் கம்பத்தில் நடந்தது இது. ஒரு சொல் பொய்யில்லை. சுருளி அருவியில் நின்று சத்தியம் செய்யலாம்.

விலங்கியல் படிக்கும் ஷர்மின், உள்ளங்கை அகல டரான்டுலா சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியோடு தகப்பனாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனாள். "அத்தா, இது செத்துச்சுன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன்."

ஷேக் மைதீன் தினமும் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டார். தண்ணீர் தெளித்தார். பாவம், புழுங்குமே என்று மூடியை இரண்டு விரற்கடை திறந்தும் வைத்தார். முதல் வாரம் நன்றாகத் தின்ற சிலந்தி, ரமலான் பிறந்ததும் நிறுத்திவிட்டது. வெட்டுக்கிளி அதன் தலைமேலேயே ஏறி உட்கார்ந்து மீசையை ஆட்டியது.

"நோன்பு பிடிச்சிருக்கு," என்றாள் மனைவி அம்சத் பீவி. "உங்களைவிடப் பேணுதலு."

மாலையில் பாங்கு சொன்னதும், மைதீன் தன் கஞ்சியைத் தொடாமல் முதலில் அதற்கு வெட்டுக்கிளியை நீட்டினார். அசையவில்லை.

"தின்னுத்தா, எம் மக பேசமாட்டா," என்று கெஞ்சினார்.

"அதை விடுங்க. இந்த மாசம் அடுப்படியில ஒரு கரப்பான்கூட இல்ல, பாத்தீகளா? எல்லாம் நோன்போட பரக்கத்து!"

பெருநாளுக்கு முதல் நாள் ஷர்மின் வந்தாள். மைதீன் குற்றவாளியாய் நின்றார்.

"நோன்பு மாசம் முழுக்கச் சாப்பிடல தாயி. நானும் என்னதான் செய்வேன்?"

அவள் சிலந்தியை இரண்டு விரலால் தூக்கி ஊதினாள். வெங்காயச் சருகுபோல் பறந்து விழுந்தது.

"அத்தா, இது அது உரிச்சுப் போட்ட தோலு. சிலந்தி எங்கன?"

அடுப்படியில் அம்சத் பீவி, பிரியாணி அண்டாவை எடுக்கப் பரணுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.