பதினெட்டு மணி நேரம்

அழைப்பு மணி அலறியது. காதில் வைத்த கைப்பேசியோடு கௌரி கதவுக்கு ஓடினாள். கைப்பேசியில் அவள் கணவன் மோகனராஜ் பேசிக்கொண்டிருந்தான்.

"லண்டன்ல இறங்கிட்டேன். செம குளிர்லா!"

பினாங்கிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். விமானம் மாறிப் போகப் பதினெட்டு மணி நேரம். இரண்டு வருட வேலை. நேற்று ஏர்போர்ட்டில் அவன் "போறேன்" என்றபோது அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க! வரேன்னு சொல்லுங்க."

"சரி, வரேன்" என்று சிரித்தான்.

கதவைத் திறந்தாள். நேற்றுப் போட்டிருந்த சட்டையில், அதே பெட்டியோடு மோகனராஜ் நின்றான்.

"யாரு வந்தது, கௌரி?" என்றது கைப்பேசி.

வாசலில் நின்றவன் செருப்பைக் கழற்றினான்.

"ஏன் முழிக்கிற? போறேன்னு சொன்னவன் போயிட்டான்லா. வரேன்னு சொன்னவன் நான்."